ரிஸ்க் ஓஎஸ்ஸை இன்னும் பத்தாண்டு ஓட்டுவது எப்படி: பலகை, கார்டு, புரோகிராம், எமுலேட்டர்

ராஸ்ப்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையை வாங்கி, அதில் ரிஸ்க் ஓஎஸ் இயங்குதளம் எழுதிய மெமரி கார்டைச் செருகினால் ஒன்றும் நடக்காது. கார்டில் பழுது இல்லை, இயங்குதளத்தின் முழு நகலான இமேஜை எழுதிய விதத்திலும் பிழை இல்லை. அந்தப் பலகையில் இருக்கும் கார்டெக்ஸ் ஏ76 பிராசசர் 32 பிட் ஆர்ம் கட்டளைகளைச் சாதாரணப் புரோகிராம்கள் ஓடும் கீழ்மட்டத்தில் மட்டும்தான் ஏற்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓட வேண்டிய மேல்மட்டங்களில் 64 பிட் மட்டுமே. ரிஸ்க் ஓஎஸ்ஸின் கெர்னலோ ஏறக்குறைய முழுக்க 32 பிட் அசெம்பிளி, அதாவது பிராசசரின் கட்டளைகளிலேயே எழுதிய நிரல். எந்தக் கான்ஃபிக் வரியைத் திருத்தினாலும் இது மாறாது.

1987-இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் ஆர்க்கிமிடீஸ் கணினியோடு 'ஆர்தர்' என்ற பெயரில் வெளியிட்டு, 1989-இல் ரிஸ்க் ஓஎஸ் 2 ஆக்கிய இயங்குதளம் இது. ஆர்ம் பிராசசருக்கென்றே பிறந்தது. இன்று அதே ஆர்ம் குடும்பம்தான் அதை விட்டு விலகிப் போகிறது. 2022-இல் வந்த கார்டெக்ஸ் ஏ715-இல் 32 பிட் எந்த மட்டத்திலும் கிடையாது. ஆகவே இன்று ரிஸ்க் ஓஎஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்ய வேண்டும்: ஓடக்கூடிய வன்பொருளை இப்போதே உறுதி செய்துகொள்வது ஒன்று; புரோகிராம்களையும் கோப்புகளையும் அந்த வன்பொருளிலிருந்து மெல்ல மெல்லப் பிரித்தெடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம், முக்கியமும் அதுதான்.

எந்தப் பலகையை வாங்குவது

புதிதாக வாங்குவதென்றால் ராஸ்ப்பெர்ரி பை 4, அல்லது அதையே கீபோர்டுக்குள் வைத்த பை 400. இதன் கார்டெக்ஸ் ஏ72 எல்லா மட்டங்களிலும் 32 பிட்டை ஏற்கும். 2034 ஜனவரி வரையாவது பை 4 உற்பத்தியில் இருக்கும் என்று தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார்கள். ரிஸ்க் ஓஎஸ்ஸுக்குக் கிடைத்திருக்கும் தெளிவான கால அவகாசம் இதுதான். 1 ஜிபி அல்லது 2 ஜிபி நினைவகம் தாராளமாகப் போதும். ரிஸ்க் ஓஎஸ் பிராசசரின் ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், மற்ற மூன்றும் சும்மா கிடக்கும். வேகம் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகத்தை. 8 ஜிபிக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

பை 3, பை ஜீரோ 2 டபிள்யூ இரண்டும் நன்றாக ஓடும். அசல் பை ஜீரோ மெதுவானது. ஆனால் அதில் இருப்பது பழைய ஆர்ம் வி6 பிராசசர். பை 3-லும் பை 4-லும் நீக்கப்பட்ட சில பழைய கட்டளைகள் அதில் இன்னும் வேலை செய்யும். கையில் ஒன்று இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

கடையில் தவறாமல் நடக்கும் குழப்பம் ஒன்று: பை 400-ம் பை 500-ம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 500-க்குள் இருப்பது பை 5-இன் சிப். கம்ப்யூட் மாட்யூல் 5-ம் அப்படியே. ரிஸ்க் ஓஎஸ்ஸுக்கு இரண்டுமே ஆகாது.

மின்சாரத்துக்கு, பை 4 என்றால் யூஎஸ்பி சி வழியாக 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 3 என்றால் மைக்ரோ யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் 2.5 ஆம்பியர். போன் சார்ஜரை வைத்துச் சமாளிக்காதீர்கள். மின்னழுத்தம் விழுந்தால் எழுதிக்கொண்டிருக்கும் கார்டுதான் முதலில் அடி வாங்கும். பை 4-இல் மானிட்டர் கேபிளை பவர் முனைக்குப் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ முனையில் செருகுங்கள். மவுஸுக்கு மூன்று பட்டன் கட்டாயம். சக்கரத்தை அழுத்த முடிகிற மவுஸ் போதும். இடது பட்டன் 'செலக்ட்', நடு பட்டன் 'மெனு', வலது பட்டன் 'அட்ஜஸ்ட்'. ரிஸ்க் ஓஎஸ்ஸில் மேலே ஒட்டிய மெனுப் பட்டை கிடையாது, எல்லா மெனுவும் நடு பட்டனில்தான் திறக்கும். டச்பேடை வைத்துத் தொடங்குகிறவர்கள் பத்து நிமிடத்தில் சலித்துப்போவது இதனால்தான்.

கார்டு தயாரிப்பு

ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் நிறுவனத்தின் தளத்தில் ராஸ்ப்பெர்ரி பைக்கான இமேஜ் இலவசமாகக் கிடைக்கும். பதிப்பு எண்ணில் இரட்டைப்படை என்றால் நிலையானது (5.28, 5.30), ஒற்றைப்படை என்றால் வளர்ச்சியில் இருப்பது (5.31). அன்றாடப் பயன்பாட்டுக்கு 2024-இல் வந்த 5.30-ஐ எடுங்கள். பை பலகைகளில் உள்ள வைஃபை வேலை செய்யத் தொடங்கியது அதில்தான்.

இமேஜ் 2 ஜிபி கார்டில் அடங்கும். விரித்து, ராஸ்ப்பெர்ரி பை இமேஜர் கொண்டு எழுதுங்கள். 32 ஜிபி கார்டில் எழுதினாலும் ரிஸ்க் ஓஎஸ்ஸுக்குத் தெரிவது இமேஜின் அளவு மட்டும்தான், மீதி இடம் வீணாகும். முழு கார்டையும் பயன்படுத்த வேண்டுமென்றால் பிக்கலோ சிஸ்டம்ஸின் 'சிஸ்டம்டிஸ்க்' கருவியால் கார்டைப் புதிதாக அமைத்து, கோப்புகளை நகலெடுக்க வேண்டும். முதல் கார்டுக்கு அது தேவையில்லை. கூடுதல் இடத்துக்கு ஒரு பென் டிரைவ் போதும்.

எழுதி முடித்த கார்டை விண்டோஸில் திரும்பச் செருகினால் சிறிய ஃபேட் பகுதி ஒன்றுதான் தெரியும். பெரிய பகுதி ஃபைல்கோர் என்ற ரிஸ்க் ஓஎஸ்ஸின் சொந்த வடிவத்தில் இருக்கிறது, விண்டோஸுக்கு அது புரியாது. 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தச் சிறிய பகுதிதான் பலகையைத் துவக்குகிறது: பை நிறுவனத்தின் ஃபர்ம்வேர், கான்ஃபிக் கோப்பு, ரிஸ்க் ஓஎஸ் ரோம் (ROM) இமேஜ், அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸ் கோப்பு எல்லாம் அங்கே. ரிஸ்க் ஓஎஸ் ஓடும்போதே இதைப் பார்க்கலாம். ஷிஃப்ட்டை அழுத்தியபடி !பூட் (!Boot) என்பதை இருமுறை சொடுக்கினால் அது ஃபோல்டராகத் திறக்கும், உள்ளே 'லோடர்' இருக்கும். கோப்புப் பெயர்களில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். ரிஸ்க் ஓஎஸ்ஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பதுதான் புள்ளி.

துவங்காவிட்டால்: பச்சை விளக்கை எண்ணுங்கள்

நேற்று வரை நன்றாக இருந்த கார்டு, புதிதாக வாங்கிய அதே மாடல் பலகையில் வானவில் நிறத் திரையோடு நின்றுவிடும். அல்லது அதுவும் வராமல் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டும். 'பை 4' என்ற பெயரில் விற்கப்படுவது எப்போதும் ஒரே பலகை அல்ல. சிப்பின் திருத்தமும் மெமரி சிப்பும் அவ்வப்போது மாறுகின்றன. புதிய திருத்தத்துக்குப் புதிய ஃபர்ம்வேர் வேண்டும், பழைய கார்டில் பழையதுதான் இருக்கும்.

நீண்ட சிமிட்டல் இல்லாமல் குறுகிய சிமிட்டல்கள் மட்டும் வந்தால் எண்ணுங்கள். நான்கு என்றால் ஃபர்ம்வேரின் 'ஸ்டார்ட்' கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல் இமேஜ் கிடைக்கவில்லை, அதாவது கான்ஃபிக் கோப்பில் கெர்னல் என்று எழுதிய பெயரும் கார்டில் உள்ள ரிஸ்க் ஓஎஸ் இமேஜின் பெயரும் பொருந்தவில்லை. எட்டு என்றால் மெமரி துவக்கம் தோற்றது. பெரும்பாலும் ஃபர்ம்வேர் பழையது.

தீர்வு எளிது. இன்னொரு கணினியில் கார்டின் ஃபேட் பகுதியைத் திறந்து, ராஸ்ப்பெர்ரி பை நிறுவனம் வெளியிடும் இன்றைய ஃபர்ம்வேரிலிருந்து பை 4-க்கான ஸ்டார்ட்4, ஃபிக்ஸப்4 கோப்புகளையும், அந்தப் பலகைக்கான டிவைஸ் ட்ரீ கோப்பையும் பழையதன்மேல் போடுங்கள். பை 3 என்றால் பூட்கோட், ஸ்டார்ட், ஃபிக்ஸப் மூன்றும். ஸ்டார்ட்டும் ஃபிக்ஸப்பும் ஒரே வெளியீட்டிலிருந்து வர வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ரிஸ்க் ஓஎஸ் இமேஜையும் சிமாஸையும் கான்ஃபிக்கையும் தொடாதீர்கள். பழைய கோப்புகளை அழிப்பதற்கு முன் வேறொரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள்.

முதல் அமைப்பு

இது சுருக்கமான வேலை. அமைப்புகளை மாற்றும் !கான்ஃபிகரில் நெட்வொர்க்கைத் திறந்து டிசிபி/ஐபி இயக்கத்தில் இருக்கிறதா, முகவரி டிஎச்சிபியில் வருகிறதா என்று பாருங்கள். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. ஆகவே நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து எடுக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் கோப்புகளின் தேதி தாறுமாறாகி, எது புதிய நகல் என்றே தெரியாமல் போகும்.

நிறுத்தும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் அழுத்தி ஷட்டவுன் செய்தபிறகே மின்சாரத்தை எடுங்கள். எழுதப்போவதை முன்பே குறித்து வைக்கும் ஜர்னல் ஃபைல்கோரில் கிடையாது. பாதியில் மின்சாரம் போனால் 'புரோக்கன் டைரக்டரி' என்ற பிழை வரும், பிறகு டிஸ்க்நைட் போன்ற பழுதுபார்க்கும் கருவி வேண்டும். மின்வெட்டு உள்ள இடத்தில் பைக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வைப்பது நல்லது.

புரோகிராம்களைத் தரம் பிரிப்பது

பத்தாண்டுக்குப் பிறகு எது மிஞ்சும் என்பதை முடிவு செய்வது இந்த வேலைதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆரம்ப ஆர்ம் பிராசசர்களில் புரோகிராம் எந்த இடத்தில் ஓடுகிறது என்ற முகவரியும் கடைசிக் கணக்கின் முடிவைக் குறிக்கும் நிலைக் கொடிகளும் பிராசசருக்குள் உள்ள ஒரே ரெஜிஸ்டரில் (சிறு நினைவிடம்), ஆர்15-இல், நெருக்கியடித்து இருந்தன. முகவரிக்குக் கிடைத்தது 26 பிட். 2002-இல் ஐயோனிக்ஸ் கணினி வந்தபோது அதன் எக்ஸ்ஸ்கேல் பிராசசரில் 26 பிட் முறையே இல்லை. சப்ரூட்டினிலிருந்து திரும்பும்போது கொடிகளும் சேர்ந்து திரும்பும் என்று நம்பி எழுதிய ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டியிருந்தது. மூல நிரல் இருந்தவை கரையேறின. எழுதியவர் விட்டுப்போன, மூலம் தொலைந்த புரோகிராம்கள், 26 பிட் நிரலை ஓட்டித் தரும் ஏமுலர் போன்ற துணையோடுதான் ஓடின. 64 பிட்டுக்குத் தாவுவது அதைவிடப் பெரிய தாவல். ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் நிபந்தனை போடும் வசதியும், பல ரெஜிஸ்டர்களை ஒரே கட்டளையில் எடுத்து வைக்கும் வசதியும் 64 பிட் ஆர்மில் இல்லை. ரிஸ்க் ஓஎஸ் அசெம்பிளியோ இந்த இரண்டின்மேல் கட்டிய வீடு. வரிக்கு வரி மாற்றிப்போட்டு முடிக்க முடியாது.

ஃபைலரில் நடு பட்டனை அழுத்தி, டிஸ்ப்ளேயில் 'ஃபுல் இன்ஃபோ'வைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கோப்பின் வகையும் தெரியும். பெயரின் முன் ஆச்சரியக்குறி உள்ள அப்ளிகேஷன்களை ஷிஃப்ட்டோடு திறந்து உள்ளே பாருங்கள்.

'பேசிக்' வகை என்றால் நிம்மதி, ஆனால் முழு நிம்மதி இல்லை. நிரலில் சதுர அடைப்புக்குறிக்குள் அசெம்பிளி இருக்கிறதா, 'சிஸ்' என்று தொடங்கி இயங்குதளத்தை நேரடியாக அழைக்கும் வரிகள் எத்தனை என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத நிரல் 64 பிட் கணினிகளில் ஓடும் பிபிசி பேசிக் எஸ்டிஎல் பதிப்பிலும் சிறு திருத்தங்களோடு ஓடும். 'சிஸ்' வரிகளை ஒரே இடத்தில் புரொசீஜர்களுக்குள் ஒதுக்கிவிட்டால் பின்னாளில் அந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதும். பேசிக் கோப்புகள் சொற்களைக் குறியீடாக்கிச் சேமிக்கப்படுகின்றன, வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஆகவே 'டெக்ஸ்ட்சேவ்' கட்டளையால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து நகல் எடுத்து வையுங்கள்.

'ஈஎல்எஃப்' பெரும்பாலும் ஜிசிசி கம்பைலரில் உருவான சி அல்லது சி++ புரோகிராம். மூலம் பொதுவில் இருக்க வாய்ப்பு அதிகம். தேடி இறக்கி வையுங்கள்.

'அப்சல்யூட்', 'மாட்யூல்', 'யூட்டிலிட்டி' மூன்றும் இயந்திரக் கட்டளைகளாகவே சேமிக்கப்பட்டவை, இவற்றில்தான் சிக்கல் குவிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூலம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'இல்லை' என்று வந்தால், அந்தப் புரோகிராம் உருவாக்கிய கோப்புகளை வேறு எதில் திறக்க முடியும் என்பதையும் எழுதுங்கள். இந்தத் தாளைத் தயாரிக்கவே ஒரு வாரம் ஆகலாம். ஆனால் எதை விட முடியாது, எதை விட்டுவிடலாம் என்பது அதன்பிறகு தெளிவாகும்.

பழைய புரோகிராம் பை 4-இல் விழுந்தால், விழுகிற விதத்தை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். '32 பிட்டுக்குப் பொருந்தாது' என்று மாட்யூல் ஏற மறுத்தால் அதன் தலைப்பில் 32 பிட் கொடி இல்லை, அது 26 பிட் காலத்துச் சரக்கு. 'வரையறுக்கப்படாத கட்டளை' என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது 'ஸ்வாப்' கட்டளையை. ஆர்ம் வி8-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. அசல் பை ஜீரோவில் ஓடிப் பை 4-இல் மட்டும் விழுந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. பிழைச் செய்தியே இல்லாமல் எண்களும் படங்களும் மட்டும் கோணல்மாணலாக வந்தால், நான்கின் மடங்காக இல்லாத முகவரியிலிருந்து வார்த்தையை வாசிக்கும் பழைய தந்திரமாக இருக்கும். பழைய ஆர்ம் அந்த வார்த்தையைச் சுழற்றித் தரும், புதியது சுழற்றாமல் தரும். சுழற்சியை நம்பிய நிரலுக்குத் தவறான தரவு போகும். மிகச் சிறிய முகவரியில் 'டேட்டா டிரான்ஸ்ஃபர் அபார்ட்' வந்தால் பூஜ்ய முகவரியை வாசிக்கும் பிழை. முன்பு அங்கே ஏதோ இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை, இப்போது அந்தப் பக்கம் அங்கே இல்லை. ஜீரோபெய்ன் மாட்யூல் அந்த வாசிப்பை அனுமதித்து, எந்த வரியில் நடந்தது என்று பதிவு கோப்பில் எழுதும். அது நிரந்தர மருந்து அல்ல. பதிவை நிரலாசிரியருக்கு அனுப்புவதற்கே. மூலம் இல்லாத நிரலில் இவற்றில் எது இருக்கிறது என்று ஆராய ஆர்மலைசர் உதவும்.

இரண்டாவது கால்: எமுலேட்டர்

பலகை எப்போதாவது கிடைக்காமல் போகும். ஒரு கணினியைப் போல இன்னொன்றில் செயல்படும் மென்பொருளான எமுலேட்டரை அன்றைக்குத் தேடாமல் இன்றைக்கே அமைத்துப் பழகுங்கள். ஆர்பிசிஎமு இலவசம். ரிஸ்க் பிசி என்ற 1994-ஆம் ஆண்டுக் கணினியைப் போலச் செயல்படும். ரிஸ்க் ஓஎஸ் ஓப்பன் தளத்திலிருந்து ரிஸ்க் பிசிக்கான 'ஐஓஎம்டி' ரோம் இமேஜை இறக்கி 'ரோம்ஸ்' (roms) ஃபோல்டரில் போடுங்கள். பை இமேஜ் இதில் ஏறாது. 'ஹார்ட்டிஸ்க்4' தொகுப்பின் உள்ளடக்கம் 'ஹோஸ்ட்எஃப்எஸ்' ஃபோல்டருக்குள் போக வேண்டும். அதை விண்டோஸில் விரிக்காதீர்கள். தானே விரியும் கோப்பாகவே ஹோஸ்ட்எஃப்எஸ்ஸில் வைத்து, எமுலேட்டருக்குள் ரிஸ்க் ஓஎஸ் எழுந்ததும் அங்கிருந்து சொடுக்கி விரியுங்கள். காரணம், ரிஸ்க் ஓஎஸ்ஸில் கோப்பின் வகை பெயரில் இல்லை, தனியாகச் சேமிக்கப்படுகிறது. விண்டோஸில் விரித்தால் வகை உதிர்ந்துபோய், எதைச் சொடுக்கினாலும் திறக்காது. ஹோஸ்ட்எஃப்எஸ் அந்த வகையைப் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் மூன்று எழுத்துமாக ஒட்டி வைக்கும். அந்த வாலை வெட்டாதீர்கள்.

இன்டெல், ஏஎம்டி கணினிகளில், கட்டளைகளை மொழிபெயர்த்து ஓட்டும் ரீகம்பைலர் பதிப்பை ஓட்டுங்கள், வேகம் கிடைக்கும். ஆர்ம் கணினிகளில், ஒவ்வொரு கட்டளையாகப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டர் மட்டும்தான், மெதுவாக இருக்கும். நினைவகம் 256 எம்பி வரை. இன்னொரு வரம்பு முக்கியம்: இது பாவனை செய்வது பழைய ஸ்ட்ராங்ஆர்ம் காலத்துப் பிராசசரை. மிதவைப்புள்ளிக் கணக்குக்கு விஎஃப்பி கட்டளைகளைப் பயன்படுத்தும் புதிய புரோகிராம்கள் இதில் விழும். பைக்காகத் தொகுத்தது எல்லாம் எமுலேட்டரில் ஓடும் என்று நம்பி இருந்துவிடாமல், தாளில் எழுதிய ஒவ்வொரு புரோகிராமையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் குறியுங்கள்.

பை 5 ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கும் இதுதான் வழி: லினக்ஸின்மேல் ஆர்பிசிஎமு. ரிஸ்க் ஓஎஸ்ஸை லினக்ஸுக்குள் ஒரு சாதாரணப் புரோகிராமாக ஓட்டும் போர்ட் ஒன்றும் உண்டு. கீழ்மட்டத்தில் 32 பிட் ஏற்கும் பிராசசர்களுக்கு அந்தச் சிந்தனை பொருந்தும். பை 5-இன் வழக்கமான லினக்ஸ் கெர்னல் 16 கேபி நினைவகப் பக்கங்களைப் பயன்படுத்துகிறது. பழைய 32 பிட் புரோகிராம்கள் அதில் தடுமாறினால் கான்ஃபிக் கோப்பில் 'கெர்னல்8' இமேஜைக் குறிப்பிட்டு 4 கேபிக்கு மாறுங்கள்.

கோப்புகளைக் காப்பது

பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்து விண்டோஸ் வழியாக இன்னொரு இடத்துக்கு மாற்றினால் வகைகள் தொலையும். ரிஸ்க் ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஸ்பார்க்எஃப்எஸ் கொண்டு ஜிப்பாக்கி, அந்த ஜிப்பை நகலெடுங்கள், வகை உள்ளேயே பத்திரமாக இருக்கும். டிரா படங்கள், ஓவேஷன் ப்ரோ ஆவணங்கள் போன்றவற்றுக்கு அசல் கோப்போடு பிரின்ட்பிடிஎஃப் வழியாக எடுத்த பிடிஎஃப் நகல் ஒன்றும் வையுங்கள். ரிஸ்க் ஓஎஸ்ஸின் சொந்த வடிவமான ஸ்ப்ரைட் படங்களுக்குப் பிஎன்ஜி நகல். அசலை அழிக்க வேண்டாம், திருத்தக்கூடியது அதுதான்.

கார்டையே முழு இமேஜாகப் படித்து வைப்பதும் அவசியம். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். எல்லாம் சரியாக ஓடும் நாளில் எடுத்த சிமாஸ் கோப்பின் நகலைத் தனியாக வையுங்கள். அமைப்பு குழம்பித் திரை வராமல் போனால் ஃபேட் பகுதியில் அதைத் திரும்பப் போட்டாலே பெரும்பாலும் எழுந்துவிடும்.

இனி எழுதும் நிரல்

புதிதாக எழுதுபவர்கள் அசெம்பிளியைத் தவிர்த்துச் சி-யில் எழுதுங்கள். முகவரியை 'இன்ட்' மாறியில் போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள். 64 பிட்டில் முகவரி பாதியாக வெட்டுப்படும். இயங்குதள அழைப்புகளைத் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள், கணக்கும் தர்க்கமும் அதைத் தொடவே கூடாது. அந்தத் தர்க்கப் பகுதியை வாரத்துக்கு ஒருமுறை லினக்ஸில் 64 பிட்டாகத் தொகுத்து, எச்சரிக்கைகளை எல்லாம் தீர்த்துவிடுங்கள். 2018-இல் ரிஸ்க் ஓஎஸ் 5-இன் மூலம் அபாச்சி 2.0 உரிமத்துக்கு வந்துவிட்டதால் கெர்னலைத் தொட விரும்புகிறவர்களுக்கும் தடை இல்லை. அங்கே மிகப் பெரிய உதவி, ஏதாவது ஓர் அசெம்பிளி மாட்யூலை எடுத்து, அதன் அழைப்புகள் எதையும் மாற்றாமல் சி-யில் திரும்ப எழுதித் தருவது. சிறியதாகத் தேர்ந்தெடுங்கள். பழையதும் புதியதும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே பதிலைத் தருகின்றனவா என்று சோதிக்கும் நிரலையும் சேர்த்தே அனுப்புங்கள். சோதனை இல்லாமல் வந்தால் சரிபார்க்கும் பாரம் இன்னொருவர் தலையில் விழும், அங்கே ஆட்கள் மிகக் குறைவு.